குளிக்காத டால்ஃபின்

என்னுடையது கியோசாக் கடை. முட்டைக்கோசும் பன்றிக்கறியும் பூண்டும் மாவுத் தகட்டில் வைத்து மடித்து, வட்டச் சட்டியில் நெருக்கமாக அடுக்கி, அடி முறுகும்வரை வறுத்து, நடுவில் அவித்த முளைப்பயறைக் குவித்துத் தருவேன். ஜப்பானில் எங்கள் ஊரான ஹமாமட்சுவில் தடுக்கி விழுந்தால் ஒரு கியோசாக் கடைதான். என் கடையைத் தேடி வருகிறவர்கள் அந்தப் பூண்டு வாசனைக்காக வருகிறவர்கள். அந்த ஜூன் மாதம் பூராவும் கடையில் பூண்டு மணக்கவில்லை, சாயம் கரைக்கிற தின்னர்தான் நாறியது. மூலை மேசையில் உட்காரும் வாடிக்கையாளர் ஒருவர் பீரை வாயருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "மகியே, இதுல என்னத்த ஊத்துன?" என்று என்னைக் கேட்டார்.

நான் எதையும் ஊற்றவில்லை. மாடியில் என் தம்பி நவோயா விமானத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான்.

நிஜ விமானம் இல்லை, பொம்மை. பொம்மை என்று அவன் காதுபடச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். மாதிரி விமானம் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு வேலை பியானோத் தொழிற்சாலையில். மரத்தின்மேல் கறுப்புப் பூச்சு அடித்து, தேய்த்து, மறுபடி அடித்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்குகிற பிரிவு. பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் பூச்சு அடிக்கிறவனை என்னவென்று சொல்வது? ஷிசுவோகாவில் வருஷாவருஷம் மே மாதம் நடக்கும் மாதிரி விமானக் கண்காட்சியில் அவன் விமானங்களைப் பார்க்க ஒசாக்காவிலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நாக்கைக்கூட வழிக்க முடியாது என்று நான் சொல்லாத நாள் இல்லை.

முந்தின இலையுதிர்காலத்தில் அவன் மனைவி ஷினோபு அவனைப் பிரிந்து, குழந்தையோடு ககேகாவாவில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை இபுகிக்கு ஐந்து வயது. நவோயா வீட்டைக் காலி செய்துவிட்டு, பெட்டி பெட்டியாக விமானங்களோடு என் கடை மாடிக்கு வந்து சேர்ந்தான். அவன் குடிக்கிறவன் இல்லை, கை ஓங்கினவன் இல்லை, சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. அவன் விமானத்தின் பக்கத்தில் யாராவது கையைக் கொண்டுபோனால், பல்லுக்கு நடுவே மூச்சை 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுப்பான். அவ்வளவுதான். ஷினோபு குடும்ப நீதிமன்றத்துச் சமரசக்காரர்களிடம் சொன்ன குற்றச்சாட்டைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என் பொண்ணு சொந்த வீட்டுலயே பொருட்காட்சி பார்க்க வந்தவ மாதிரி நடக்கறா" என்றாளாம். இதெல்லாம் ஒரு காரணமா, சும்மா இருக்கிறவனை விட்டுவிட்டுப் போக இப்படி ஒரு சாக்கா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஷினோபுவை எனக்குப் பிடிக்கும், அதனால் இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு நவோயா குழந்தையைக் கண்ணால் பார்க்கவில்லை. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஷினோபு ஒரே ஒரு சந்திப்புக்குச் சம்மதித்தாள். இந்த மாதிரிக் குடும்பங்களுக்கென்று இருக்கிற ஒரு மையத்தில், ஒரு மணி நேரம், மையத்து அம்மாள் ஒருவர் கூடவே இருப்பார். முடிவில் அவர் குழந்தையிடம் கேட்பார், மறுபடியும் அப்பாவைப் பார்க்க வருகிறாயா என்று. வருகிறேன் என்று சொன்னால் மாதம் ஒருமுறை. மாட்டேன் என்றாலோ, வாயைத் திறக்காமல் நின்றாலோ, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்சம் வளரும்வரை இந்தப் பேச்சே கிடையாது. ஐந்து வயசுப் பிள்ளையின் ஒரு வார்த்தையில் என் தம்பியின் நல்லது கெட்டது எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.  அவன் என்ன செய்தான் தெரியுமா? விமானம் கட்ட உட்கார்ந்தான்.

எங்கள் ஊர் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி ஜெட்டுகள் தினமும் தலைக்குமேல் போகும். குட்டையான மூக்கு, உருண்டு திரண்ட முதுகு, சாம்பல் நிறம். ஊரில் அதை டால்ஃபின் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நவோயா இபுகியைத் தோளில் வைத்துக்கொண்டு தளத்து வேலியோரம் நின்று காட்டுவான். அவள் இரண்டு கையையும் ஆட்டி, டால்ஃபின் டால்ஃபின் என்று கத்துவாள். ககேகாவாவில் அது பறப்பதில்லை. அதனால் அவளுக்காக டால்ஃபினைக் கட்டி எடுத்துப் போகப்போகிறானாம்.

கடையில் விற்கிற பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு போடா, அழுத்தினால் சத்தம் போடும், விளக்கு எரியும், பிள்ளைக்கு அது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. சட்டத்தோடு ஒட்டி வருகிற பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக நறுக்கி, நறுக்கின இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, ஒட்டின கோடு தெரிகிறதா என்று விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்தான். வால் பக்கம் கனத்து உட்கார்ந்துவிடக் கூடாதென்று மூக்குக்குள்ளே தூண்டில் ஈயத்தை வைத்து அடைத்தான். அப்புறம் சாயம். சாம்பல் நிறத்தைக் கலக்குவான், ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடிப்பான், குடையைப் பிடித்துக்கொண்டு தளத்து வேலிக்குப் போய் நிஜ விமானத்தோடு ஒத்துப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவான். சாம்பல் என்றால் சாம்பல்தானே, அதில் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று கேட்டேன். வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று, இபுகி பார்த்தது வெயிலில் என்றான். 

இறக்கையில் ஒட்டுகிற எழுத்துகள் இருக்கின்றனவே, அது ஒரு தனிப் பைத்தியம். நிஜ விமானத்தில் எங்கெல்லாம் என்னென்ன எழுதியிருக்கிறதோ, அத்தனையும் அரிசி அளவுகூட இல்லாமல் அச்சடித்து வரும். தண்ணீரில் நனைத்து, இடுக்கியால் எடுத்து ஒட்ட வேண்டும். இறக்கையில் பணியாள் கால் வைக்கக்கூடாத இடத்தில் 'மிதிக்காதே' என்று இருக்கிறதாம். எனக்குக் கண்ணாடி போட்டும் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரிந்தது. இதை யாருடா படிக்கப் போகிறார்கள் என்றேன். படிக்காவிட்டாலும் இருக்க வேண்டும் என்றான்.

அந்த நாட்களில் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கியோசாத் தட்டை மேலே கொண்டுபோய் வைத்தால், ஆறி எண்ணெய் உறைந்தபிறகு இரண்டைத் தின்றிருப்பான். கையில் வைத்த வேலை முடிந்துவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் முடிக்காமல் இழுக்கிறான் என்று எனக்குப் பட்டது. ஒருநாள் தட்டை எடுக்கப் போனபோது, என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, அவளுக்கு என் முகம் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டான். உன் மூஞ்சியை ஒருதடவை பார்த்தால் யாருக்குடா மறக்கும் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, பின்கட்டில் நின்று அழுதேன்.

சந்திப்புக்கு முந்தின நாள் மத்தியானம், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் மாடிக்குப் போனேன். விமானம் மேசைமேல் நின்றது. பார்த்ததும் என் கையில் இருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. முந்தாநாள் பார்த்தபோது புதுசாகப் பளிச்சென்று இருந்த விமானம், இப்போது அழுக்குப் பிடித்துக் கிடந்தது. புகைபோக்கிப் பக்கம் கரி. இறக்கையெல்லாம் எண்ணெய் ஒழுகின மாதிரிக் கறை. சக்கரத்தில் சேறு. வயிற்றில் மழைநீர் வழிந்த கோடுகள்.

"என்னடா ஆச்சு? கீழ போட்டுட்டியா?"

கேட்டதற்கு அவன் சிரித்தான். அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தான். அழுக்கை அவனே பூசியிருக்கிறான். நாலைந்து சாந்துகளும் பொடிகளும் வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு கோடாக. புதுச்சாயத்தோடு வைத்தால் அது பொம்மை, பறந்து களைத்துவந்த மாதிரி இருந்தால்தான் விமானம், கண்காட்சியில் எல்லோரும் இதைத்தான் குனிந்து குனிந்து பார்ப்பார்கள் என்று விளக்கினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அழுக்கை யாராவது பரிசாகக் கொடுப்பார்களா, உன் மூளையில் தின்னர் ஏறிவிட்டதா, ஷினோபு பார்த்தால் என்ன நினைப்பாள், கழுவிக்கூட எடுத்துவராமல் பழசைக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்றுதானே நினைப்பாள். துடைத்துவிடு என்று கீழே கிடந்த துணியை எடுத்து நீட்டினேன்.

'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தான். என் கை தானாக நின்றது.

அப்புறம் சமாதானமாகச் சொன்னான். அழுக்கின்மேல் ஒரு கண்ணாடிப் பூச்சு அடித்தால்தான் அது நிற்கும், இந்த மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்து எல்லாம் கெட்டுப்போகும், அதனால் அடிக்கவில்லை, விரல் பட்டாலே அழியும், தயவுசெய்து கிட்டே வராதே என்றான். பட்டாலே அழிகிறதைக் குழந்தையிடம் எப்படிக் கொடுப்பாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கோபத்தில் அது தோன்றவில்லை. அவனுக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கண்காட்சி மேசையில் வைத்து வைத்துப் பழகினவனுக்கு, கொடுப்பது என்றால் காட்டுவது என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. வண்டியை நான்தான் ஓட்டினேன். அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் மெதுவாக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பார்ப்பான். குழந்தையிடம் முதலில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். பெரிசாயிட்டியே என்று சொல்லலாமா, அப்படிச் சொன்னால் இத்தனை நாள் பார்க்கவில்லை என்று சொல்வதுபோல ஆகுமா என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்?

மையத்தில், கூடவே இருக்கப்போகிற ஒகுயாமா அம்மாள் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். நல்ல மனுஷி, ஆனால் விதி என்றால் விதி. பெட்டியைத் திறந்து பார்த்தார். விளையாட எடுத்துப் போகலாம், ஆனால் முதல் சந்திப்பில் குழந்தை எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, திரும்பும்போது நீங்களே எடுத்துப் போக வேண்டும் என்றார். நவோயாவின் காது மடல் சிவந்தது. ஒரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்தது ஒரு மணி நேரத்துக்குத்தானா என்று கேட்கப் போனேன். அவன் சரி சரி என்று குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டே உள்ளே போனான்.

என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார், அங்கே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. எங்களுக்கு அந்தப் பக்கம் தெரியும், அவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது. பேச்சுக் கேட்கச் சுவரில் சின்ன ஒலிபெருக்கி. ஷினோபு ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். "வாங்க அக்கா" என்றாள். உனக்காக வரவில்லை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன், நல்லாயிருக்கியா என்று வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தோம்.

இபுகி ஒகுயாமா அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் காலுறை. உயரமாகியிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. நவோயா கம்பளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் மனப்பாடம் செய்த எதுவும் அவனுக்கு வாயில் வரவில்லை.  ஒகுயாமா அம்மாள் கடியாரத்தைப் பார்த்துவிட்டு மூலை நாற்காலிக்குப் போய்விட்டார். 

கடைசியில் அவன் பெட்டியைத் திறந்து விமானத்தை எடுத்து, குட்டை மேசைமேல் வைத்தான். "இபுகி, பாரு. டால்ஃபின்."

அவள் முகம் மலர்ந்தது, நான் பார்த்தேன். ஓடி வந்தாள். மேசையருகே வந்ததும் நின்றாள். நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றோடு ஒன்று இறுகக் கோத்துக்கொண்டாள். இடுப்பை வளைத்துக் குனிந்து, மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள்.

 ஷிசுவோகா கண்காட்சியில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். தொடாதே என்று பலகை எதுவும் இருக்காது. வருகிறவர்களே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசை மேசையாகக் குனிந்து பார்த்துப் போவார்கள். அதுதான் அங்கே மரியாதை. இபுகிக்கு மூன்று வயதில் நாங்கள் கூட்டிப்போனபோது, அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் உருகிப்போனார்கள். நவோயாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. நான் அதைப் படம் எடுத்து, கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, எவ்வளவு சமர்த்து பாருங்கள் என்று சொல்வேன்.

"வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள் ஷினோபு, கண்ணாடியைப் பார்த்தபடியே. "சாப்பாட்டு மேசைகிட்டக்கூட இப்படித்தான் வந்து நிப்பா."

 

"தொட்டுப் பாரு. உனக்குத்தான்" என்றான் நவோயா. 

அவள் ஒரு கையை அவிழ்த்தாள். முன்னால் கொண்டுவந்தாள். விரல் இறக்கைக்கு மேலே வந்து நின்றது. அப்போது பிள்ளையின் கூர்மையான கண்ணில் அந்தக் கறுப்புப் புள்ளி பட்டுத் தொலைத்தது. மூக்கு இறக்கையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மி, தி, க், கா, தே."

கை மறுபடி பின்னால் போய்விட்டது.

"அது... அது காலுக்கு. கைக்கு இல்ல" என்றான் அவன். அவள் தலையாட்டினாள், பெரியவர்கள் சொன்னதற்குத் தலையாட்டுகிற மாதிரி. கை வரவில்லை. மூலையில் ஒகுயாமா அம்மாள் ஏதோ யோசிக்கிற முகத்தோடு மோவாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை பதில் சொல்லும்போதும் இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக, வேண்டாங்க என்று சொல்லிவிட்டுப் போகும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கடியார முள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நவோயா உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். தொட்டுத் தூக்கிக் கையில் கொடுடா மடையா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்தேன். அவன் அசையவில்லை.

இபுகிதான் பேசினாள். தலையைச் சாய்த்து, இறக்கையடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இது குளிக்கலையா?"

"என்ன?"

"அழுக்கா இருக்கே. நீங்க குளிப்பாட்டலையா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொன்னேனே, படித்துப் படித்துச் சொன்னேனே. அவன் இப்போது பறந்து களைத்த கதையை எடுத்துவிடப் போகிறான், கரிப்புகையின் அழகை ஐந்து வயசுப் பிள்ளைக்கு விளக்கப் போகிறான் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவன் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கோடாக இழுத்த அழுக்கு. கண்காட்சிக்குப் போனால் ஊரே குனிந்து பார்க்கும் அழுக்கு. பிறகு பக்கத்தில் இருந்த ஈரத்தாள் டப்பாவிலிருந்து ஒரு தாளை உருவி அவளிடம் நீட்டினான்.

"குளிப்பாட்டல. நீ குளிப்பாட்டுறியா?"

அவள் ஒகுயாமா அம்மாளைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். தாளை வாங்கினாள். முதுகுப் பக்கம் லேசாக ஒரு இழுப்பு. சாம்பல் பளிச்சென்று வந்தது, தாள் கறுப்பானது. அவள் தாளைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள். "அய்யய்ய" என்றாள், சந்தோஷமாக. அப்புறம் விடவில்லை. மேசையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மா காது தேய்க்கிற மாதிரி தேய் தேய் என்று தேய்த்தாள். நவோயா தாளுக்குத் தாள் உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கரி போனது, எண்ணெய்க் கறை போனது. தாளோடு 'மிதிக்காதே'யும் உரிந்து வந்தது. அவன் அதைப் பார்த்தான். பேசாமல் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை நீட்டினான். ஷினோபு நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

சக்கரத்துச் சேற்றைத் துடைக்கும்போதுதான் அது நடந்தது. டிக் என்று ஒரு சத்தம், ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. முன்சக்கரம் காலோடு முறிந்து கம்பளத்தில் விழுந்தது.

இபுகி அப்படியே கல்லாகிவிட்டாள். விமானத்தை மேசையில் வைத்தாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. அழவில்லை. அப்பாவின் வாயையே பார்த்தாள். நானும் அவன் வாயைத்தான் பார்த்தேன், ஷினோபுவும் அதைத்தான் பார்த்தாள். அந்த 'ஸ்ஸ்' எப்போது வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். அவன் உதடு திறந்தது, பல் தெரிந்தது. நாசமாகப் போகிறவனே, அந்த மூச்சை மட்டும் இழுத்துவிடாதே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஷினோபு என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

அவன் எச்சிலை விழுங்கினான்.

"டால்ஃபினுக்கு ஏது காலு?" என்றான்.

இபுகிக்குப் புரியவில்லை.

"நீ பார்த்திருக்கியா, காலு வெச்ச டால்ஃபின்? நான்தான் தப்பாச் செஞ்சுட்டேன்." சொல்லிக்கொண்டே விமானத்தை எடுத்து, அவன் கையாலேயே இடது பக்கச் சக்கரத்தை டிக் என்று முறித்தான். வலது பக்கச் சக்கரத்தை அவளிடம் காட்டினான். "இது உனக்கு."

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு கையை முன்னால் கொண்டுவந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முறித்தாள். முறித்துவிட்டு இன்னும் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சிரித்தான். அழுதானோ என்னவோ, சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை சிரித்தது பாருங்கள், ஒலிபெருக்கி கரகரவென்றது. காலில்லாத டால்ஃபினைக் கையில் தூக்கிக்கொண்டு மஞ்சள் காலுறையோடு அறையைச் சுற்றி ஓடினாள். வயிற்றால் கம்பளத்தில் இறக்கினாள். நவோயாவின் முதுகில் இறக்கினாள். ஒகுயாமா அம்மாளின் செருப்பில்கூட ஒருதடவை இறக்கினாள். நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடினேன், ஷினோபு தன்னுடையதைக் கொடுத்தாள். அது ஏற்கனவே நனைந்திருந்தது.

நேரம் முடிந்தது. விமானத்தை அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒகுயாமா அம்மாள் பதமாகச் சொன்னார். இபுகியின் முகம் வாடியது. விமானத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். இது வேறு வினையாகிவிட்டதே, கோபத்தில் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று மறுபடி பயந்தேன். ஒகுயாமா அம்மாள் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். நவோயாவை அறையின் அந்தக் கோடிக்குப் போய் நிற்கச் சொன்னார். அவன் சுவரோரம் போய் நின்றான்.

"இபுகி, மறுபடியும் அப்பாவைப் பார்க்க வர்றியாம்மா? வரணும்னா வரணும்னு சொல்லு. வேண்டாம்னாலும் சொல்லலாம். யாரும் திட்டமாட்டாங்க."

அவள் விமானத்தைப் புரட்டி வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தாள். மேலே குளித்து முடித்திருந்தது, அடியில் மழைக்கோடும் எண்ணெயும் அப்படியே இருந்தன. ஒகுயாமா அம்மாள் காத்திருந்தார். சுவரோரம் நவோயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடியில இன்னும் துடைக்கவே இல்ல" என்றாள் இபுகி.

"அப்படின்னா?"

"அப்படின்னா வரணும்ல." இதுகூடத் தெரியவில்லையா என்கிற மாதிரி அவரைப் பார்த்துவிட்டு, சுவரோரம் போய் விமானத்தை நீட்டினாள். "நீ துடைச்சிடாத. நான் வந்து துடைப்பேன்."

வந்ததும் நீங்க நீங்க என்றவள், போகும்போது நீ என்றாள். நவோயா இரண்டு கையாலும் விமானத்தை வாங்கிக்கொண்டு, துடைக்கமாட்டேன், சத்தியமாகத் துடைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் ஷினோபு எழுந்து பையை எடுத்தாள். மாதம் ஒருமுறை, அடுத்த மாதமும் ஞாயிற்றுக்கிழமை என்று அவள் வாயாலேயே என்னிடம் சொன்னாள்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். மூலை மேசைக்காரர் ஏன் என்று கேட்டார். தூசி படிகிறது என்றேன்.

மழை விட்டு நல்ல வெயில் அடிக்க ஆரம்பித்த ஒருநாள், சாயங்கால வியாபாரத்துக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். நவோயா சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். காலில்லாத டால்ஃபின் ஒரு துணிமேல் படுத்திருந்தது. பிள்ளை தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவைத்த முதுகின்மேல், அவன் தூரிகையால் மறுபடி கரி பூசிக்கொண்டிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையா, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"அடிப்பக்கம் மட்டும்தான் பாக்கி இருக்கு அக்கா" என்றான், தலையைத் தூக்காமல். "அவ வந்தா அது பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடிப் பூச்சு அடிக்க ஏற்ற வெயில்தான் அது. அந்தப் புட்டி மூடி திறக்காமலே அலமாரியில் இருந்தது. கீழே இறங்கிப் போய், பெரிய கியோசாச் சட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில் வருஷக்கணக்காக ஏறியிருந்த கரியைக் கத்தியால் சுரண்டி, ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன்.